நான் மலிவாக்கிய பாரை மீன்

எங்களோடு இருந்த சின்னம்மாவுக்கு அரசாங்க உத்தியோகம். கிழமைக்கொரு தடவை திருகோணமலைச் சந்தைக்குப் போய், அதே கடைகளில் அதே சாமான்களின் விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவார். ஒன்றும் வாங்கமாட்டார். வாழ்க்கைச் செலவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று கொழும்பில் கணக்குப் பார்ப்பதற்காம். பேக்கரிப் பாண் விலை மாறாவிட்டாலும் தராசில் நிறுத்துப் பார்ப்பார். பாண் சிறுத்திருந்தால் அதுவும் விலையேற்றம்தானாம்.

அவர் களைத்து வந்து கதிரையில் இருந்ததும் அப்பா கேட்பார்: “இண்டைக்கு எதின்ர விலையை ஏத்திப்போட்டு வாறீர்?”

எல்லாரும் சிரிப்பார்கள். எட்டு வயதான நான் மட்டும் அதை அப்படியே நம்பினேன். விலை கூடிப்போனதென்று எங்கள் குசினிக்குப் பாரை மீன் வருவது வேறு நின்றுபோயிருந்தது.

சந்தையில் கொப்பியொன்றில் பென்சிலால் குறித்து வந்து, பிறகு ஆறுதலாகப் பேனையால் படிவத்தை நிரப்புவது சின்னம்மாவின் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில், பாரைக்கு நேரே இருந்த முந்நூற்றிருபதை அழித்து நூற்றிருபதாக்கினேன். கை துணிந்துவிட்டதால் தேங்காயையும் குறைத்தேன்.

மறுநாள் காலை அப்பாவை மீன்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். “நூற்றிருபதுக்கு ஒரு கிலோ பாரை தாங்கோ,” என்றேன்.

கிண்ணியாவிலிருந்து வரும் மீன்கார நானா கத்தியைக் கீழே வைத்தார். “ஆரு சொன்ன, மகள்?”

“சின்னம்மா எழுதியிருக்கிறா.”

அவர் முகம் மாறிவிட்டது. “நான் முந்நூற்றிருபது எண்டுதானே சொன்ன. பிழையா எழுதிட்டாவா?”

அப்பாவுக்கு விளங்கிவிட்டது. நேரே வீட்டுக்குக் கூட்டிவந்தார். சின்னம்மா கொப்பியை வெளிச்சத்தில் சரித்து, ரப்பர் தேய்த்த இடத்தைப் பார்த்தார். அடி விழுமென்று நின்றேன்.

“வேற எது மலிஞ்சது?”

“தேங்காய்.”

“அவ்வளவுதானோ?”

“ஓம்.” கொஞ்சம் பொறுத்து, “சவுக்காரமும்,” என்றேன்.

சின்னம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, எல்லாக் கடைக்கும் திரும்ப நடந்தார். “நேற்றைய விலையை இன்னொருக்காச் சொல்லுங்கோ. பிள்ளை எல்லாத்தையும் மலிவாக்கிப்போட்டா.”

தேங்காய்க் கடைக்காரர் சொன்னார்: “அப்ப இவவையே உங்கட வேலைக்கு அனுப்புங்கோ, தங்கச்சி.”

அந்தக் கணக்கைக் காட்டித்தான் அப்பாவைப் போன்றவர்கள் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டார்கள் என்பதும், என் நூற்றிருபது கொழும்புக்குப் போயிருந்தால் பாரை எங்கள் வீட்டுக்கு இன்னும் தூரமாகியிருக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. உச்சி வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கிய சின்னம்மாவை, ஓர் இலக்கத்தைக் குறைத்து எழுத மனம் வராத கல்நெஞ்சுக்காரி என்றே நினைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.