பின் ஷாஃப்ட் இல்லாத ஜீப்

அந்தமானில், மாயாபந்தரில் நான் ஜீப் ஓட்டிய காலம் அது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுக்கும் காண்ட்ராக்டில் அங்கே போனவன் நான். சேற்றுப் பாதையில் சாமான் ஏற்ற நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி தேவைப்பட்டது. போர்ட் பிளேயரில், டாலிகஞ்ச் பக்கம் ஒருவரிடம் பழைய ஜீப் வாங்கினேன். "கடல் தண்ணி ஒரு சொட்டு படல சார்" என்று பெற்ற பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார் அந்த மனுஷன். நம்பிவிட்டேன்.

மூன்றே மாதத்தில் சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் அடியில் 'கடக், கடக்' என்று தட்டும். வேகமெடுத்தால் தட்டல் நின்று 'ஙொய்ங்' என்று ஓர் இரைச்சல் காதைத் துளைக்கும். தினமும் அதே இரைச்சலோடு சைட்டுக்குப் போய் அதே இரைச்சலோடு திரும்பினால் மனுஷனுக்கு எங்கே நிதானம் இருக்கும்? எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தச் சத்தம் வந்தபிறகு வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுப்பதில்லை. 'யாரும்' என்றால் என் மனைவி ஒருத்திதான். அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்த பெங்காலி மிஸ்திரி (அங்கே மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பின் அச்சின் பல்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங்கின் அடைப்பைக் கழற்றினார். கறுப்பாக வரவேண்டிய ஆயில் மோர் மாதிரி வெள்ளையாகக் கொட்டியது. தண்ணீர் கலந்தால்தான் ஆயில் அப்படி வெளுக்கும். அடப்பாவி! வண்டி கடலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. "பின்னாடி பல்சக்கரம், கிரவுன் பினியன் போச்சு, அதுதான் கத்துது" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மிஸ்திரி ஒப்புக்கொள்ளவில்லை. ஆயில் மாற்றினோம், சத்தம் போகவில்லை.

என் மனைவி மட்டும் வேறு சொன்னாள். "பின்னாடி இல்லைங்க. என் காலுக்கு அடியில அதிருது. நீங்க வலது பக்கம் திருப்புறப்ப இன்னும் கூடுது."

"நீ எப்ப மெக்கானிக் ஆன? வாய மூடிட்டு வா" என்றேன்.

கிரவுன் பினியன் வேண்டுமானால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். ஆர்டர் போடுமுன் ஒரு சோதனை செய்துவிடலாம் என்றார் மிஸ்திரி. எஞ்சின் ஓட்டத்தைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டுதான் பின் ஷாஃப்ட். அதைக் கழற்றிவிட்டு, கியருக்குப் பக்கத்திலிருக்கும் இன்னொரு லிவரை நாலு சக்கர ஓட்டத்தில் போட்டால் முன்சக்கரங்கள் மட்டும் வண்டியை இழுக்கும். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு பின்னால் இல்லை என்று பொருள். ஷாஃப்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவர் ஒன்று சொன்னார்.

"தாதா, லிவர் தோ மே மத் டால்னா. ஹேண்ட் பிரேக் பீ நஹி பக்டேகா. ருக்னா ஹை தோ பத்தர் லகானா."

அதாவது, அண்ணா, லிவரை ரெண்டு சக்கரத்துக்கு மாற்றாதே, மாற்றினால் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வை. அந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக், சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தைத்தான் பிடிக்கும். அங்கே ஷாஃப்டே இல்லை; லிவரை ரெண்டுக்கு மாற்றினால் முன்சக்கரங்களின் தொடர்பும் விட்டுப்போய், கியரோ ஹேண்ட் பிரேக்கோ எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது. "எனக்கே பாடம் நடத்துறீங்களா?" என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன். என் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட அவளுக்கு ஹிந்தி நன்றாகப் புரியும்.

அன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். சோதனை ஓட்டமும் ஆயிற்று, செக்கப்பும் ஆயிற்று என்று அவளையும் வைத்துக்கொண்டே கிளம்பினேன். நூறு அடி போவதற்குள் 'கடக், கடக்'. முன்னைவிடப் பலமாகக் கேட்டது. பின்னால் ஷாஃப்டே இல்லாமல் சத்தம் வருகிறது! அவள் சொன்னதுதான் சரி. (மறுவாரம் பிரித்துப் பார்த்தபோது அவள் கால்பக்கம், இடது முன்சக்கரத்து பேரிங்கைத் துரு தின்றிருந்தது.) அவளோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன, இப்ப சந்தோஷமா?" என்று கத்தினேன்.

செக்கப் முடிந்து திரும்பும் வழியிலிருந்த, மீன் இறக்கும் சின்னப் படகுத்துறை ஜெட்டிக்கு எனக்கு சிமென்ட் வந்திருந்தது. ஜெட்டிக்குச் சரிவான பாதை. நிலநடுக்கத்தில் கீழே தடுப்புச்சுவர் விழுந்ததை யாரும் திரும்பக் கட்டவில்லை. சரிவு முடிந்தால் நேரே தண்ணீர்தான். சரிவின் உச்சியில், முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்க, வண்டியை நிறுத்தினேன். அது தார் ரோடு. சேற்றில் நாலு, தாரில் ரெண்டு என்பது அந்தப் பக்கம் ஜீப் ஓட்டுகிற எல்லாருக்கும் கையில் ஊறிய பழக்கம். தாரில் நிறுத்தினால் இறங்குமுன் லிவரை ரெண்டுக்கு இழுத்துவிட்டுத்தான் இறங்குவோம். இழுத்தேன். கியரில் போட்டேன், ஹேண்ட் பிரேக்கையும் இழுத்தேன். எதுவும் எதையும் பிடிக்கவில்லை என்று தோன்றவே இல்லை. அவளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கீழே போய்க் கூலியாட்களை விரட்டினேன்.

இரண்டு பேர் மூட்டை தூக்கிவந்து பின்னால் போட்டார்கள். முதல் மூட்டை, இரண்டாவது மூட்டை. மூன்றாவது மூட்டை 'தொம்' என்று விழுந்ததும் ஜீப் ஒரு குலுக்குக் குலுங்கிப் பள்ளத்தைவிட்டு ஏறியது. பிறகு நகர்ந்தது.

நான் பாதிச் சரிவில் நின்றிருந்தேன். ஜீப் என்னைத் தாண்டிப் போனது. ஐயோ, அவள் உள்ளே இருக்கிறாள்! பின்கம்பியைப் பிடித்தேன், அது என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. செருப்பு கழன்றது, முழங்கால் தேய்ந்தது, கம்பி கையைவிட்டுப் போனது. "புடிங்கடா! புடிங்கடா!" என்று கத்தினேன். யாரை, எதை என்று எனக்கே தெரியாது. கடல் தெரிந்தது. கண்ணை மூடிவிட்டேன். ஒரு கணவன் செய்கிற காரியமா அது? ஆனால் மூடிவிட்டேன்.

டயர் கீச்சிட்டது. தண்ணீரில் விழுகிற சத்தம் வரவில்லை.

எழுந்து ஓடினேன். தண்ணீருக்கு ஓர் ஆள் படுக்கும் தூரம்கூட மிச்சமில்லாத இடத்தில் ஜீப் நின்றிருந்தது. கூலியாட்கள் கல்லைத் தூக்கி வந்து சக்கரங்களுக்கு முன்னால் அடுக்கினார்கள். டிரைவர் சீட்டில் அவள் இருந்தாள். அந்த வயிற்றோடு இரண்டு லிவர்களையும் எப்படித் தாண்டி வந்தாளோ! ஸ்டியரிங்கைத் தொட்டால்கூட நான் திட்டுவேன். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தபடி, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். சேலை முழங்காலில் கிழிந்து ரத்தம் வந்தது.

"ஏன்டி… எப்படி…" என்றேன்.

"லிவர மாத்துனதப் பாத்தேங்க" என்றாள். "மிஸ்திரி வேணாம்னு சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. சொன்னா கத்துவீங்களேன்னு பேசாம இருந்துட்டேன்."

கூலியாட்கள் இருவரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சக்கரத்துக்கு முன்னால் கல் குவியலாகக் கிடந்தது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப எடுக்கலாமாங்க?"