பன்னிரண்டு ஊசியும் ஒரு கம்பியும்

ஆண்கள் நோய் பார்க்கும் டாக்டரிடம் சீட்டு எழுதும் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே நாற்காலி தேயாது, தரைதான் தேயும். தொண்ணூறுகளில் மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டு, தி.நகர் கிளினிக் ஒன்றில் அந்த வேலை பார்த்தேன்.

என்ன தொந்தரவு?

பாஸ்கர் அண்ணனுக்கு ஐம்பது வயது, அடையாறில் லேத் பட்டறை. முதல் நாள் எல்லார் முன்னாலும் "என்ன தொந்தரவு?" என்று கேட்டுவிட்டேன். "முட்டி" என்றார். எலும்பு டாக்டர் மாடியில் என்று அனுப்பினேன். போனார், வந்தார், மறுபடி போனார், வந்தார். மூன்றாம் முறை மேஜைமேல் குனிந்தார்.

"உள்ள டாக்டராண்ட சொல்லிக்கிறேன் மேடம். நீ முட்டின்னே எழுதிக்கோ."

கம்பி

அவருக்கு ஆணுறுப்பில் தழும்பு மாதிரி கட்டி உறைந்து, வளைந்து, வலி. அந்தக் கட்டியிலேயே ஊசி, பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. விறைக்கும்போதுதான் தெரியும் வளைவை அளக்க, வீட்டிலேயே போட்டோ எடுத்து வரச் சொல்வார் டாக்டர். ஃபிலிமைக் கழுவ எந்த ஸ்டூடியோவில் கொடுப்பது, சொல்லுங்கள்! அண்ணன் முழ நீளக் கம்பி ஒன்றின் நுனியை அதே மாதிரி வளைத்து, பேப்பரில் சுற்றி என் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மருந்து அலமாரித் திரைக்கு அவரிடம் நான் கேட்டிருந்த கம்பிதான் வந்துவிட்டது என்று நினைத்து, மிதித்து நிமிர்த்தித் திரையை மாட்டிவிட்டேன்.

அவர் திரும்பி வந்து, டாக்டருக்கு வளைவு காட்ட வைத்த கம்பி எங்கே என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது; திரையைக் காட்டினேன். அவர் திரையையே பார்த்தார். பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"டாக்டரு ஆறு மாசம் கேட்டாரு, நீ ஒரே மிதியில முடிச்சிட்டியே தங்கச்சி!"

மல்லிகா அக்கா

ஆறாவது ஊசியன்று அவர் மனைவி மல்லிகா பின்னாலேயே வந்துவிட்டார். வாசலுக்கும் மேஜைக்கும் நடையாய் நடந்தார். "முட்டிக்கு ஊசியாம். மூணு மூணு படியா தாண்டி மொட்டைமாடிக்குப் போய்ப் படுக்கிறாரு. எவ அவ, சொல்லு!" குடித்தனமே உடைந்துவிடும் போலிருந்தது. நோயாளி விஷயத்தை நாம் வாய்விடக் கூடாதே! உள்ளே ஓடி அண்ணனிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. பிறகு "வரச்சொல்லு" என்றார்.

அரை மணி கழித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இதுன்னு சொல்லியிருந்தா நானே பஸ்ல கூட்டியாந்திருப்பேனே, பாவி மனுசன்."

பன்னிரண்டாவது

வலி போய்விட்டது, கட்டி இளகியிருக்கிறது, வளைவுதான் கொஞ்சம் மட்டும் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். அண்ணன் வெளியே வந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் அலைந்தார். "இத்தினி ஊசி குத்தியும் நேராவலியே. இனிமே நான் இன்னா ஆம்பள?" அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"மாடியிலேர்ந்து பாயைச் சுருட்டிக்கினு கீழ வந்துட்டல்ல, அது போதும், வா வூட்டுக்கு."

ஊசி குத்தும்போது மூச்சுக்கூட விடாத ஆம்பளைகள், கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் அத்தனை பயப்படுகிறார்கள்.