வெல்லப் பானையைத் தாண்டிப் போன எறும்புகள்

உடம்பு இளைக்க என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இளைத்தவர்கள்தான் யாரும் இல்லை. அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் வாழைக்காய் மண்டி. வீட்டின் முன்கட்டு முழுக்க மண்டி. பின்கட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. வீசையும் சேரும் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு ஒன்பது வயது, அத்தைக்குப் பத்தொன்பது.

அத்தை பூசினாற்போல இருப்பாள். சிரித்தால் கன்னம் மேலேறிக் கண்ணை மூடிவிடும். அவள் மடியில் படுத்துக்கொள்வதற்காகவே எனக்கு அடிக்கடி காய்ச்சல் வரும். முசிறியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் புறப்படும்போது என் அம்மாவைத் தனியாக அழைத்து, "பொண்ணு லட்சணமா இருக்குங்க. உடம்பு மட்டும் கொஞ்சம் எளைச்சா தேவலை. தீபாவளி கழிச்சு வர்றோம், அப்ப தட்டு மாத்திக்கலாம்" என்றார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அத்தை அதைக் கேட்டுவிட்டாள். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, காபி டம்ளரை நீட்டியபோது. அது போதுமானதாக இருந்தது.

மறுநாளே ஆளுக்காள் வைத்தியராகிவிட்டார்கள். அம்மா வேளை தவறாமல் கொள்ளு ரசம் வைத்தாள். எதிர்வீட்டு மாமி, வெந்நீரில் தேனைக் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் சதை வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றார். மண்டியில் வாழைத்தார் இறக்கும் பெரியவர், சோறுதான் உடம்பில் ஒட்டும், பழம் எத்தனை தின்றாலும் ஒட்டாது என்று அடித்துச் சொன்னார். பகல் தூக்கமெல்லாம் சதையாக மாறும் என்பது அப்பாவின் கட்சி. அதைச் சொல்லிவிட்டு அவர் மண்டியில் வாழைச் சருகுக் கட்டின்மேல் சாய்ந்து குறட்டை விடப் போய்விடுவார். அத்தை யார் பேச்சையும் தட்டவில்லை. சோற்றை விட்டாள், பழமாகத் தின்றாள், தேனாகக் குடித்தாள், புரட்டாசி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடியில் உட்கார்ந்து வியர்த்தாள். ஒரு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை.

பிறகு திடீரென்று இளைக்கத் தொடங்கினாள். சோப்புப் போட்டு வலித்து ஏற்றிய கண்ணாடி வளையல்கள் பாத்திரம் தேய்க்கும்போது தாமாகவே கழன்று தொட்டிக்குள் விழுந்தன. ரவிக்கைகளை அம்மா இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். கொள்ளு வேலை செய்கிறது என்று அம்மாவும், தேன்தான் என்று மாமியும் சொல்லிக்கொண்டார்கள். "எல்லாம் முசிறி நெனப்பு செய்யற வேலை" என்று அப்பாவே ஒருநாள் கேலி செய்தார். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தாள். கன்னம் மேலேறவில்லை, கண்கள் மூடவில்லை.

நான் அத்தைக்குப் பக்கத்தில்தான் படுப்பேன். விடிந்தும் விடியாத வேளையில் மடக் மடக் என்ற சத்தம் என்னை எழுப்பும். அத்தை தண்ணீர்ப் பானைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு, அதற்கு மேலும். குடித்து முடித்த பிறகும் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். மெல்லத் திரும்பும்போது, வேறு யாரோ அத்தையின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். தண்ணீர் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அந்தத் தாகம் நல்ல சகுனமாகவே பட்டது.

அதோடு ஒரு வாசனையும் சேர்ந்துகொண்டது. மண்டி வீட்டில் பழ வாசனையை யார் பெரிதாக நினைப்பார்கள்? எனக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது. மண்டியின் வாசனை முன்கட்டிலிருந்து வரும். இது அத்தையின் வாயிலிருந்து வந்தது. கறுத்து அழுகத் தொடங்கும் பழத்தின் வாசனை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு படுக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு அவளிடம் பயம் வந்துவிட்டது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

விடியற்காலையில் தனியாகக் கொல்லைக்குப் போக அத்தை பயப்படுவாள். துணைக்கு நான். அங்கே பெண்கள் ஒதுங்குவதற்காகத் தட்டி கட்டி, தரையில் ஒரு வெள்ளைக் கல் பதித்திருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அந்தக் கல் கறுப்பாக இருந்தது. குனிந்து பார்த்தேன். கறுப்பு அசைந்தது.

பிள்ளையார் எறும்புகள். கடிக்காது, வீட்டுக்கு வந்தால் நல்லது, கொல்லக் கூடாது என்பார்கள். அவை வந்த வழியைப் பார்த்துக்கொண்டே போனேன். கொல்லைச் சுவர் விரிசலிலிருந்து புறப்பட்ட சாரை, அடுக்களைக்குள் நுழைந்து, மூடாமல் இருந்த வெல்லப் பானையை ஒட்டியே போய், மறுபடி வெளியே இறங்கி, அந்தக் கல்லில் வந்து முடிந்தது. வெல்லத்தின் பக்கம் ஓர் எறும்புகூடத் திரும்பவில்லை.

"அத்தை, எறும்பு."

அத்தை பார்த்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்தது.

"கொழுப்பு கரைஞ்சு போகுதுடி பாப்பா. நெய்யா உருகிப் போகுது. அதான் மோப்பம் புடிச்சு வருதுங்க."

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"ஐயய்யோ, யார்கிட்டயும் சொல்லாதே. கண்ணு பட்டுட்டா கரையறது நின்னுடும். எந்தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு."

அவள் குனிந்தாள். அந்தத் தலை சூடாக இருந்தது. சத்தியத்தை மீறினால் யார் தலைமேல் அடித்தோமோ அந்தத் தலை வெடித்துவிடும் என்பது எங்கள் ஸ்கூலில் எல்லோருக்கும் தெரியும். நான் அழுத்தமாக அடித்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் யாரும் எழுவதற்கு முன் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது என் வேலையாயிற்று. கழுவிய கல் காய்வதற்குள் எறும்புகள் திரும்ப வந்துவிடும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வோர் எறும்பும் அத்தையிலிருந்து ஒரு துளியை எடுத்துக்கொண்டு சுவருக்குள் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் ஆளில்லாத மனை. ஒருநாள் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். எடுத்துப் போனதையெல்லாம் சேர்த்து அங்கே இன்னோர் அத்தையைச் செய்துகொண்டிருக்கின்றன என்று நினைத்ததும் ஓட்டமாக உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

தீபாவளிக்கு எடுத்த பட்டு அத்தையின் தோளில் நிற்காமல் நழுவியது. முசிறிக்காரர்கள் வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. புதன்கிழமை காலை அத்தை எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று மாமி வேப்பிலை கொண்டுவந்தார். அப்பா அடுத்த தெரு டாக்டரை அழைத்துவந்தார்.

டாக்டர் குனிந்து அத்தையின் மூச்சை முகர்ந்து பார்த்தார். "ஏதாவது பழம் சாப்பிட்டாங்களா?"

"பழம்தாங்க சாப்பாடே, ரெண்டு மாசமா. உடம்பு எளைக்கணும்னு" என்றாள் அம்மா.

அவர் யோசித்தார். "கொல்லையில இவங்க போற எடத்துல எறும்பு மொய்க்குதா?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா கூச்சத்தோடு என்னைப் பார்த்தாள். "நீதானேடி கூடப் போவே? டாக்டர் கேக்கறாங்க பாரு, சொல்லு."

அத்தை கண்ணைத் திறந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அத்தனை மெலிந்த விரல்களில் அவ்வளவு பிடி இருந்தது. என்னையே பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"இல்லைங்க" என்றேன். "ஒரு எறும்புகூட இல்லைங்க."

"சின்ன வயசுதான், அதெல்லாம் இருக்காது" என்றார் டாக்டர், பாதி தனக்கே சொல்வதுபோல. "பட்டினி கெடந்த மயக்கம். குளுக்கோஸ் கரைச்சுக் குடுங்க." அந்தக் குளுக்கோஸைக் கரண்டி கரண்டியாக அத்தையின் வாயில் ஊற்றியது நான்தான். அவளைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் நினைவு தப்பியதும் காரில் புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடனே பெயரைச் சொல்லிவிட்டார்கள்: சர்க்கரை வியாதி. அது பணக்காரக் கிழவர்களுக்கு வருவது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் இளைத்தது கொள்ளாலும் இல்லை, தேனாலும் இல்லை, வியாதியால். எங்கள் தேனும் பழமும் அந்த வியாதிக்கு இரண்டு மாதம் விருந்து வைத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடியும்போது அத்தை போய்விட்டாள்.

எறும்பைப் பற்றி நான் அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு சொல்லில் அவள் பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டரையும் நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என்னை வாட்டுவது வேறு. அன்று என் கையைப் பிடித்தபோது அவள் கண்களில் இருந்தது பயம் என்பது இப்போது எனக்குத் தெரியும். உயிர்ப் பயம். சொல்லாதே என்று அவள் கேட்பதாக நினைத்து நான் சொல்லவில்லை. சொல்லு என்றுதான் கேட்டிருக்கிறாள்.