தனக்கொடி அக்காவும் நிற்காத ஸ்கூட்டரும்

புதுச்சேரிக் கடல் ஏன் ஊருக்குள் வராமல் பாறையோடு நின்றுவிடுகிறது தெரியுமா? எங்கள் தனக்கொடி அக்கா இன்னும் அப்ரூவல் தரவில்லை. சூரியன்கூட விடியற்காலையில் அவரிடம் ஒரு சாம்பிள் காட்டி, "ஆரஞ்சு கொஞ்சம் கம்மி பண்ணு" என்று அவரிடம் திருத்தம் வாங்கிக்கொண்ட பிறகுதான் முழுசாக மேலே வருகிறது. சந்தேகம் இருந்தால் எங்கள் ஆபீசில் வந்து விசாரிக்கலாம்.

ஆபீஸ் ஊருக்குள் சாரம் என்கிற பகுதியில், ஓர் அரிசி மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஆன்லைன் விளம்பரம்தான் தொழில். முதலாளி நெடுமாறன் சார். எழுதுவது சிந்துஜா, டிசைன் விக்ரம், எந்த விளம்பரம் யார் ஃபோனில் போய் விழ வேண்டும் என்று பார்ப்பது ராஜவேல் அண்ணன். வீடியோவை வெட்டி ஒட்டுவது இளம்பரிதி ஆகிய நான். பாலிடெக்னிக் என்னை விட்டதா, நான் பாலிடெக்னிக்கை விட்டேனா என்பது இங்கே தேவையில்லை. எங்கள் எல்லோருக்கும் டீம் லீடர், தனக்கொடி அக்கா.

அக்காவின் அப்பா மில் தொழிலாளி. மில் மூடியதும், பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டப் போனார். ஒட்டியதோடு நிற்காமல், "எழுத்து எறும்பாட்டம் இருந்தா யாரு சார் படிப்பா?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கோபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டிசைன் படித்தாராம். இன்றைக்கும் கோணலாக ஒட்டிய லேபிளைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று எங்கள் ஆபீசில் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் 'கெடுக்கும் கூட்டம்'. அந்த வாரம் செய்து முடித்த விளம்பரத்தை எடுத்து, ஒவ்வொருவரும் முடிந்த அளவுக்கு நாசம் செய்து காட்ட வேண்டும். யார் மற்றவர்களை அதிகம் சிரிக்க வைக்கிறார்களோ, அவர்களுக்கு நெடுமாறன் சாரின் சுழல் நாற்காலி. மறுநாள் சாயங்காலம் வரை அதில் உட்காரலாம். சார் ஸ்டூலில் உட்காருவார். "நம்ம விளம்பரத்த நாமளே கிண்டல் பண்ணிப் பாத்துடணும். எது உடையுது, எது நிக்குதுன்னு அப்பதான் தெரியும்" என்பார் அக்கா.

போன மழைக்காலம் முடிந்ததும் மூலக்குளத்திலிருந்து சுலோசனா அக்கா வந்தார். பெண்களுக்கு மட்டும் ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். இரண்டு வண்டி, ஒரு காலி மைதானம், ஆள் மட்டும் இல்லை. வண்டிச் சாவி இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த மாசம் ஒரு பேட்ச்சாவது சேரலன்னா வண்டிய வித்துட்டு, பழையபடி ஜவுளிக்கடையில நிக்கப் போயிடுவேம்மா."

"சாவிய எடுத்து உள்ள வைங்கக்கா. பேட்ச்சு வரும்" என்றார் தனக்கொடி அக்கா. அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அது எங்கள் தலையில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

முதல் விளம்பரம் அழகோ அழகு. புதுச்சேரியில் எதை விற்றாலும் ஒயிட் டவுன் மஞ்சள் சுவரைக் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருப்பதாக நாங்கள் நினைத்திருந்த காலம் அது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஸ்கூட்டரில் ஒரு மாடல் பெண், பின்னால் வயலின். லைக் குவிந்தது. எல்லாம் ஆம்பளைகள். ஒருவர் பஹ்ரைனிலிருந்து மூன்று ஹார்ட் போட்டிருந்தார். பள்ளியில் ஒருத்தரும் சேரவில்லை.

அக்கா யோசித்தார். "நம்மள்ல யாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது?"

எல்லோரும் அவரையே பார்த்தோம். ஏனென்றால் தெரியாதவர் அவர் ஒருவர்தான். ஷேர் ஆட்டோவில் வருகிறவர்.

"இன்னாடா மொறைக்கிறீங்க? நாளைக்குக் காலையில எல்லாரும் மூலக்குளம் வந்துடுங்க."

அப்படித்தான் ஆபீசே கிளம்பி மைதானத்துக்குப் போனது. விக்ரம் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினான். சிந்துஜா முன்னால் போய் நாய்களை வேறு பக்கம் போகச் சொல்லிக் கெஞ்சினாள். ராஜவேல் அண்ணன் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா அந்த மரத்தை நோக்கியே வந்துகொண்டிருந்ததால், மரத்துக்கு முன்னால் ஆள் நின்றால் திரும்புவார் என்று கணக்கு. நான் ஆபீஸ் ஃபோனில் எல்லாவற்றையும் படம் பிடித்தேன், வியாழக்கிழமை நாற்காலியை மனதில் வைத்து.

"நில்லு! ஏய், நில்லுன்னு சொல்றேன்ல!" என்று அக்கா ஸ்கூட்டரைத் திட்டினார்.

"வாயால சொன்னா அதுக்குக் காது கேக்காதும்மா. பிரேக்க புடி!" என்று சுலோசனா அக்கா பின்னால் ஓடினார்.

"புடிச்சிட்டேங்க்கா!"

"அது ஹாரனு!"

விழுந்தாரா என்று கேட்பீர்கள். தனக்கொடி அக்கா விழுகிற ஆள் இல்லை. அவர் முழங்கையில் இருந்த பிளாஸ்திரிக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தம் கிடையாது.

வியாழக்கிழமை வந்தது. அந்த அழகு விளம்பரத்தை நான் கெடுத்தேன். மாடலைத் தூக்கிவிட்டு அக்காவைப் போட்டேன். வயலினுக்குப் பதில் "நில்லுன்னு சொல்றேன்ல!" கடைசியில், விக்ரம் கையை விட்டது தெரியாமல் அக்கா மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வருகிறார். சுலோசனா அக்கா கை தட்டுகிறார். "யாரு பின்னால புடிச்சிருக்கீங்க?" என்று அக்கா கத்துகிறார். "யாருமே இல்ல!" என்று எல்லோரும் கத்துகிறோம்.

நெடுமாறன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானாகவே எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன். பிறகு, "இதையே வெளிய விடு" என்றார்.

சாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "தனக்கொடி, யோசிச்சுதான் பேசுறீங்களா? நம்ம டீம் லீடரு ஹாரனுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாம கத்துறத ஊரே பாக்கும்."

"பாக்கட்டும் சார். அந்த மாடல் பொண்ணப் பாத்துட்டு, இது நமக்கில்லன்னு போனவங்க எல்லாம் என்னப் பாத்துட்டு வருவாங்க."

அதற்கு மேல் யாரும் சும்மா உட்காரவில்லை. சிந்துஜா ஒரே வரி எழுதினாள்: "நீங்க ஓட்டுங்க, நாங்க புடிச்சிக்கிறோம்." விக்ரம் அதைக் கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாக வைத்தான். ராஜவேல் அண்ணன் பஹ்ரைனைக் கழற்றிவிட்டு, மூலக்குளம், வில்லியனூர் ரோட்டைச் சுற்றியிருக்கும் பெண்களுக்கு மட்டும் போகிற மாதிரி அமைத்தார்.

மறுநாளே ஃபோன் வந்தது. எடுத்தவுடன் ஓர் அம்மா, "அந்த ஹாரனுக்கார பொண்ணு நல்லாயிருக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃபீஸ் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேதராப்பட்டிலிருந்து ஒரு வேன் மைதானத்துக்கு வந்தது. அக்காவோடு லேபிள் ஒட்டிய பெண்கள், யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"ஏய் தனக்கொடி, நீயே ஓட்டும்போது நாங்க ஓட்ட மாட்டமா?"

"வாங்கடி, அந்த மரத்த மட்டும் பாக்காதீங்க. பாத்தா அங்கதான் போவும்!"

ஒரு பேட்ச் கேட்ட இடத்தில் இரண்டு பேட்ச் நிரம்பியது. சுலோசனா அக்கா வண்டியை விற்கவில்லை. மூன்றாவது வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கள் அக்கா இப்போது ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு ஆபீசுக்குச் சொந்த வண்டியில் வருகிறார். அரிசி மண்டிக்காரர் ஹாரன் சத்தம் கேட்டதும் மூட்டைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

ஆண்டு விழாவுக்காக, ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்றார் நெடுமாறன் சார். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு அக்கா வந்தார். எழுதியதை, வழக்கப்படி, வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைத்தேன். அக்கா இதுவரை உள்ளதை நிதானமாகப் படித்தார்.

"நல்லா புளுவுற. சரி, நான் விழுகிற ஆளில்லயா?"

"இல்லக்கா."

"மூணு வாட்டி விழுந்தேன்டா. மூணையும் நீதான் எடுத்த. சிரிக்க வைக்கத்தான் நீ வீடியோ போட்டன்னா, விழுந்தத ஏன் விட்ட?"

"ஃபோகஸ் சரியில்லக்கா."

"அப்பிடியா?" அக்கா ஆபீஸ் ஃபோனை எடுத்தார். பெரிய திரையில் போட்டார்.

ஸ்கூட்டர் சாய்கிற சத்தம். திரையில் எல்லாம் தலைகீழாகச் சுழன்றது. பிறகு வானம் மட்டும் தெரிந்தது, ஓரத்தில் வேப்பங்கிளை. மண்ணில் கிடந்த ஃபோனிலிருந்து ஒருவன் ஓடுகிற சத்தம். அழுகிற மாதிரி ஒரு குரல்: "அக்கா! அக்கா, அடிபட்டுச்சாக்கா? எந்திரிக்காத, இரு, நான் தூக்குறேன்..."

அடுத்த வீடியோவும் வானம். அதற்கடுத்ததும் வானம்.

விக்ரமும் சிந்துஜாவும் மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார்கள். நெடுமாறன் சார் எழுந்து ஸ்டூலுக்குப் போனார்.

"இந்த வாரம் கெடுத்தது நானு" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இத கட்டுரையோட கடைசியில சேத்துடு. அப்ரூவ்டு."