கரம்பொன் கடலில் பெண்கள் நேரம்

எழுபத்திரண்டு வயதில் நீச்சல் பழகப் போகிறேன் என்றதும், "உங்களுக்கென்ன விசரே அம்மா?" என்று லண்டனிலிருந்து மகள் கேட்டாள். கரம்பொன் கடற்கரைப் பூங்காவில் சனிக்கிழமைகளில் பெண்களுக்கென ஒரு மணித்தியாலம் ஒதுக்கி, இலவசமாக நீச்சல் பழக்குகிறார்கள். விசர் இல்லை என்று காட்டவே சென்ற சனிக்கிழமை புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை பஸ் பிற்பகல் 1.40க்கு. கட்டணம் 120 ரூபா. காற்று வேண்டுமென்றால் ஜன்னலோரம் இருங்கள். தலைமுடி கலையக்கூடாதென்றால் நடுவில். கரம்பொனில் இறங்கியதும் 600 மீற்றர் நடை. பூங்கா கூட்டித் துப்புரவாக இருந்தது. உடைமாற்றும் அறைகள் ஐந்திலும் கொண்டி ஒழுங்காகப் பூட்டுகிறது. நானே போட்டுப் பார்த்தேன். நீந்தும் பகுதியைக் கயிறும் மிதவைகளும் கட்டிப் பிரித்திருக்கிறார்கள்.

வாசலில் ஏழு பெண்கள் முகம் வாடி நின்றார்கள். பூங்காப் பொறுப்பாளர் பெயர் எழுதும் கொப்பியுடன் நின்றார்.

"எட்டுப் பேர் இல்லையெண்டால் இண்டையோட பெண்கள் நேரம் நிப்பாட்டுறது அம்மா. மூண்டு கிழமை பொறுத்திட்டம்."

"நான் எட்டாவது ஆள்."

"நீங்கள் கரையில இருங்கோ. அறுபதுக்கு மேல ஏலாது."

அவருக்குப் பின்னால் விதிப்பலகை இருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பதினொரு விதியையும் வாசித்தேன்.

"தம்பி, நாய் வரக்கூடாதெண்டு இருக்கு. கிழவி வரக்கூடாதெண்டு எங்க இருக்கு?"

ஏழு பேரும் சிரித்துவிட்டார்கள். பயிற்றுநர் மெற்றில்டா அவ்வூர் மீனவக் குடும்பத்துப் பெண். "விடுங்கோ அண்ணை, நான் பொறுப்பு" என்றாள்.

"சரி. ஆனால் அரை மணித்தியாலம் தண்ணியில நிண்டாத்தான் கணக்கு!"

இடுப்பளவு நீருக்குப் போனோம். எல்லோரும் மூக்கைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பினோம். ஆம், கன்னியர் மடத்தில் படித்த நானும்தான்.

"அக்காமார்! இது தீர்த்தமில்லை, நீச்சல்! திரும்புங்கோ!" என்று மெற்றில்டா கத்தினாள். கரையில் பொறுப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டுப் பேரும் விழுந்தடித்துத் திரும்பி ஓடினோம்.

மெற்றில்டா என் பிடரியின் கீழ் கையை வைத்தாள். "உடம்பை இளக்கி வானத்தைப் பாருங்கோ. அதிகாரம் பண்ணாதேங்கோ அம்மா, கடல் கேக்காது."

அதிகாரத்தை விட்டேன். காதுக்குள் நீர் புகுந்தது, கால்கள் தாமாக மேலே வந்தன. கையை எடுத்துவிட்டாள். பதினொன்று எண்ணும்வரை மிதந்தேன்.

என் கணவர் இருந்த காலத்தில், அவர் நீந்தும்போது செருப்பையும் மணிக்கூட்டையும் காவல் காப்பது என் வேலை. நல்ல மனிதர்தான். ஆனால் இவ்வளவு சுகமென்று ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

அரை மணித்தியாலம் முடிந்ததும் பொறுப்பாளர் எட்டுப் பெயரையும் எழுதினார். "அடுத்த சனியும் நடக்கும்!" என்று அவர் கத்தியபோது, அவருடைய குரலிலும் சந்தோஷம் இருந்தது.

போக விரும்புவோருக்கு: சேலை வேண்டாம், நனைந்தால் காலைச் சுற்றும். பஞ்சாபிச் சட்டையும் காற்சட்டையும் போதும், சால்வையை வீட்டில் விடுங்கள். திரும்பும் பஸ் 5.10க்கு. பெண்கள் நேரம் 3.30 முதல் 4.30 வரை. ஒவ்வொரு கிழமையும் எட்டுப் பேர் வேண்டும். நான் வருவேன். நீங்கள் ஏழு பேர் வந்தால் போதும்.