ஒரு பெயருக்கு இரண்டு பிள்ளைகள்

அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் அதிகம் என்று பேச்சு வந்தது. செஞ்சியில், கோட்டைக்குப் போகிற சாலையை ஒட்டிய தொடக்கப் பள்ளி அது. எண்பதுகளில் நான் அங்கே இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மல்லாட்டை பிடுங்குகிற காலம் வந்தால் பாதி வகுப்பு கொல்லையில்தான் இருக்கும். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரும் குறைய வேண்டும் என்பது சட்டம். குறைகிறவர் யார் என்றால், கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர். அது நான்.

போக வேண்டிய இடம் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பஸ்ஸை விட்டு இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கைக்குழந்தை. கணவருக்கு அரிசி ஆலையில் வேலை, அதை விட்டுவிட்டு வர முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போவதா, வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காருவதா என்று இரண்டு பேரும் பேசிப் பேசி, பேச்சே சண்டையாகிக்கொண்டிருந்த நேரம்.

அப்போதுதான் ஆராய்ச்சி வந்தது. வெளியூரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த ஒரு பெண், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எந்த முறையில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு வாசிப்பு வருகிறது என்று ஆராயப் போகிறார் என்றார்கள். அதில் எங்கள் பள்ளி இரண்டாம் வகுப்பும் ஒன்று. எழுத்துகளை ராகம் போட்டு ஒப்பிக்கவைக்கும் பழைய வழியை விட்டு, சொற்களை அட்டையில் எழுதிக் காட்டிப் படிக்கவைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தேர்வு, சில மாதம் கழித்து இன்னொரு தேர்வு. எங்களை மேற்பார்வையிடும் அதிகாரி தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்: பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று அந்த அம்மா சொன்னால், இந்தப் பணியிடத்தை எடுக்க வேண்டாம் என்று தாமே மேலே எழுதுவதாக. விழுந்து கிடந்தவளுக்கு ஒரு கயிறு கிடைத்தது.

அட்டை முறையைக் கற்றுக்கொள்ள என்னைத் திண்டிவனத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் அங்கே இருந்த நாளில்தான் இங்கே முதல் தேர்வு நடந்தது. திரும்பி வந்ததும் ஆராய்ச்சி செய்யும் அம்மாவைப் பார்த்தேன். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, கையில் ஒரு கடிகாரம். “உங்க பிள்ளைங்க நல்லாவே படிக்கிறாங்களே” என்றார். என் பிள்ளைகளா என்று எனக்குத் திகைப்பு. ‘அம்மா’வையும் ‘ஆடு’வையும் தாண்டினால் திணறுகிறவர்கள் அவர்கள். வெளியூர்க்காரர்கள் மரியாதைக்கு எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அட்டைக்குக் காசு கொடுக்க ஆளில்லை. தெருவில் எந்த வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை கிடந்தாலும் கேட்டு வாங்கி, அதன் வெறும் பக்கத்தில் எழுதினேன். கதவில் ‘கதவு’, பானையில் ‘பானை’. ஜன்னல் வழியே தெரிகிற கோட்டை மலையான ராஜகிரிக்கு, ஜன்னல் கம்பியிலேயே ‘மலை’ என்று கட்டித் தொங்கவிட்டேன். ‘மல்லாட்டை’ அட்டைக்குத்தான் அடிதடி. அந்தச் சொல் எல்லார் வீட்டிலும் மூட்டை மூட்டையாக இருந்தது.

அந்த அம்மா அவ்வப்போது வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் எவ்வளவு நேரம் பேசுகிறேன், எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று கடிகாரம் பார்த்துக் குறிப்பார். அங்கிருந்து அவருக்குத் தெரிவது பிள்ளைகளின் முதுகுதான், பார்ப்பது என்னை மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், “நீங்க ரொம்ப நேரம் பேசாம இருக்கீங்களே” என்றார்.

“பிள்ளைங்க படிச்சிக்கினு இருக்காங்க மேடம். நான் குறுக்க வாயத் தொறந்தா அது நின்னு பூடும்” என்றேன். சொன்ன தொனி கொஞ்சம் காரம்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கும்போது பிள்ளைகள் படித்தார்கள். உண்மையாகவே படித்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி, மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் இளைய மகள், கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் படித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. “அன்னிக்கிப் பரிச்சையில இந்த மாதிரிதான் படிச்சியா நீ?” என்று கேட்டேன்.

“நான் எங்க படிச்சேன்? எம்பேர்ல எங்க அக்காதான வந்து படிச்சிது. எங்களயெல்லாம் சத்துணவுக் கூடத்துல குந்த வச்சிட்டாங்க.”

அக்கா மூன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் தாமே எடுக்கிற வகுப்பு. எனக்கு விளங்கிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நடக்கிற பழைய வேலைதான் இது. மேல் வகுப்பிலிருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை இறக்கிக் கீழ் வகுப்பில் உட்காரவைப்பது. வந்தவர் மெச்சுவார், காபி குடிப்பார், போவார். ஆராய்ச்சி என்று வந்ததையும் தலைமையாசிரியர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். வந்தவர் திரும்பவும் வந்து, முதல்நாளையும் கடைசிநாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இருபத்தைந்து முப்பது வருட சர்வீஸில் அப்படி ஒருவரும் வந்ததில்லை.

நேராக அவர் அறைக்குப் போனேன். “சார், மூணாங்கிளாஸ் படிச்சத எம்பிள்ளைங்க படிச்சதா அந்தம்மா எழுதிட்டாங்க. இப்ப எம்பிள்ளைங்க படிச்சா, மொத பரிச்சையில நல்லாப் படிச்ச பசங்கள நான்தான் மறக்கடிச்ச மாதிரி ஆவும். எம்பொழப்பு போச்சு சார்.”

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். முகம் வெளுத்திருந்தது. “உனக்கு நல்லதுன்னுதாம்மா செஞ்சேன்” என்றார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, “சரி, அதுக்கு இன்னா இப்ப? அதே பசங்களத் திரும்பவும் குந்த வச்சிடலாம். எல்லாம் சரியாப் பூடும்” என்றார்.

“வேணாம் சார். நான் அந்தம்மாகிட்ட சொல்லிடறேன்.”

“ரிடையர் ஆவற நேரத்துல எம்பேரக் கெடுக்காதம்மா.”

நான் வகுப்புக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் சொன்னால் கணவர், “அவர் சொல்றபடி வுட்டுடு, குழந்தையப் பாரு” என்றார். அவர் சொன்னதும் தவறில்லை. அந்த வாரம் முழுக்க எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். பாலுக்கு அழுத குழந்தையைக்கூட அதட்டினேன். என் பிள்ளைகளை உட்காரவைப்பதா, அவர் பிள்ளைகளை உட்காரவிடுவதா என்று முடிவு செய்ய முடியாமலே தேர்வு நாள் வந்துவிட்டது.

முடிவை எனக்கு முன்னால் அவர் எடுத்துவிட்டிருந்தார். காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். “எம்பசங்க எங்க?” என்றேன். சத்துணவுக்கூடத்தில் உதவிக்கு இருந்த அம்மாளோடு கோட்டைக்கு அனுப்பியாகிவிட்டதாம். சுண்டல் கொடுப்பார்களாம். மத்தியானம்தான் வருவார்களாம்.

அப்படியே பேசாமல் இருந்திருக்கலாம். மூன்றாம் வகுப்பு இன்னும் கொஞ்சம் நன்றாகப் படிக்கும், முன்னேற்றம் என்று எழுதுவார்கள், என் வேலை செஞ்சியிலேயே நிற்கும். நியாயம் தர்மம் என்று பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். எனக்கு வந்தது ரோஷம். படிக்கத் தெரியாதபோது ஒளித்துவைத்த பிள்ளைகளை, படிக்கத் தெரிந்த பிறகும் ஒளித்துவைக்கிறார்களே என்ற ரோஷம். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் கோட்டைச் சாலையில் இறங்கினேன்.

முந்தின நாள் மழை. சாலையெல்லாம் சேறு. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர், “இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சி?” என்று கேட்டார். நான் நிற்கவில்லை. ஆராய்ச்சி அம்மா வருகிற பஸ் எந்த நேரமும் வந்துவிடும். அவர் வந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுத்துவிட்டால் பிறகு நான் என்ன சொன்னாலும் கோள் சொன்ன மாதிரிதான் இருக்கும். கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே ஓடினேன். கல்யாண மகாலுக்கு எதிர்ப் புல்தரையில் என் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுண்டல் வாளியின் மூடி இன்னும் திறக்கவில்லை.

“கெளம்புங்க” என்றேன்.

“சார் திட்டுவாரு டீச்சர்” என்றார் சத்துணவு அம்மாள்.

“என்னத் திட்டட்டும். சுண்டல அங்க வந்து குடுங்க.”

பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். சேறும் புல்லுமாகப் பள்ளி வாசலுக்கு வந்தபோது, உள்ளே அந்த அம்மாவின் குரல் கேட்டது. வருகைப் பெயர்களை வாசிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பிள்ளைகள் வாசலில் என்னைச் சுற்றி நின்றார்கள்.

முதல் பெயரை வாசித்தார். உள்ளேயிருந்து ஒரு குரல், “உள்ளேன் அம்மா.” வாசலிலிருந்து இன்னொரு குரல், “உள்ளேன் அம்மா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அடுத்த பெயரை வாசித்தார். மறுபடியும் இரண்டு குரல். மூன்றாவது பெயர் முன்வரிசைச் சிறுமியுடையது. அவள் என் புடவையைப் பிடித்தபடியே கத்தினாள். உள்ளே அவள் பெயரில் உட்கார்ந்திருந்த அக்கா, தங்கையின் குரலைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு தலையைக் கவிழ்த்தாள். தலைமையாசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா வெளியே வந்தார். என்னைப் பார்த்து, “முதல் தேர்வும் இப்படித்தானா?” என்றார்.

“நான் அன்னிக்கி ஊர்ல இல்ல மேடம். ஆனா அப்படித்தான்.”

அவர் வராந்தாச் சுவரில் சாய்ந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் அழுதுவிடுவார் போல இருந்தது. “மத்த பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் பண்ணியிருப்பாங்களா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய பல மாத உழைப்பும் அந்த வராந்தாவில் ஆட்டம் கண்டுவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“முதல் தேர்வு பொய்யின்னா, ரெண்டாவதுக்கு அர்த்தமே இல்லம்மா. இந்தப் பள்ளிய ஆராய்ச்சியிலேருந்து எடுத்துடறேன். சார் பேரச் சொல்லி யார்கிட்டயும் புகார் பண்ணல” என்றார்.

பாவமாக இருந்தது போய்விட்டது. “அப்ப எம்பிள்ளைங்க படிச்சது?” என்றேன்.

“அத நான் எதோட ஒப்பிடறது?”

“ஒப்பிட வேணாம். கணக்குல சேக்க வேணாம். காதால கேட்டுட்டுப் போங்க. இவ்ளோ நாள் கடிகாரத்த வச்சிக்கினு என்னப் பாத்தீங்களே, இன்னிக்கி அதுங்களப் பாருங்க.”

என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அவர் சுவரை விட்டு நிமிர்ந்து உள்ளே வந்தார். இரண்டு தேர்வுக்கும் அவர் வைத்திருந்தது இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகப் பக்கம்தான். அதை ஒதுக்கிவிட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு தாளைப் பையிலிருந்து எடுத்தார், ஒரு குரங்கும் சந்தையும் வருகிற கதை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து இடம் கொடுக்கவில்லை. அவர்களை நெருக்கிக்கொண்டு என் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். முன்வரிசைச் சிறுமியிடம் தாளைக் கொடுத்தார். அவள் சேற்றுக் கையோடு வாங்கிப் படித்தாள். ‘சந்தைக்கு’ என்ற இடத்தில் நின்றாள், பிறகு போனாள். கடைசிவரை படித்தாள். குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கும் இடத்தில் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இந்தப் பிள்ளை சொல்லைப் படிக்கவில்லை, கதையைப் படிக்கிறாள் என்று எனக்கு விளங்கியது.

பிறகு அந்த அம்மா தாளை அக்காவிடம் நீட்டினார். கேட்காமல் இருந்திருக்கலாம். அக்கா எழுத்து எழுத்தாகச் சொன்னாள், ராகம் போட்டு. எழுத்துகள் எல்லாம் சரி. ஒன்றுகூடச் சொல்லாகவில்லை. பாடப்புத்தகமாக இருந்தால் தலைகீழாக ஒப்பித்திருப்பாள். இரண்டாவது வரியில் தாளைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். தலைமையாசிரியர் வெளியே போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன், ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் செய்தது, போய் உட்கார் என்று சொன்ன இடத்தில் உட்கார்ந்தது மட்டும்தான்.

பொங்கல் கழித்து மாற்றல் உத்தரவு வந்தது. ஆராய்ச்சியில் எங்கள் பள்ளி இல்லை. அதனால் முன்னேற்றமும் இல்லை, காப்பாற்றப் பணியிடமும் இல்லை. உத்தரவை என் மேஜைமேல் வைத்த தலைமையாசிரியர், “அன்னிக்கி நான் சொன்னபடி வுட்டிருந்தா நீ இங்கயே இருந்திருப்பம்மா” என்றார். அது முழு உண்மை.

அட்டைகளை எடுத்துவைக்கப் போனபோது பாதியைக் காணோம். ‘மலை’யும் இல்லை, ‘மல்லாட்டை’யும் இல்லை. எடுத்தவர் யாரென்று தேடுகிற மனநிலையில் நான் இல்லை.

கிளம்பிய காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில், குழந்தை என் இடுப்பில், கணவர் கையில் டிரங்குப் பெட்டி. திருவண்ணாமலை போய் அங்கிருந்து மாறிப் போக வேண்டும். அக்காவும் தங்கையும் வந்து நின்றார்கள். அந்த நாளுக்குப் பிறகு அக்கா என் முன்னால் வந்ததே இல்லை. “தெனம் ராவுல எங்க அக்கா என் அட்டையெல்லாம் புடிங்கிக்கிது டீச்சர்” என்று தங்கை புகார் சொன்னாள். அக்கா அவளைக் கிள்ளினாள்.

ஒரு பஸ் புழுதியோடு உள்ளே வந்து திரும்பியது. பெயர்ப்பலகை எங்கள் பக்கம் வந்தது. தங்கை வாயெடுக்கப் போனாள். அக்கா அவள் வாயைப் பொத்தினாள். பலகையைப் பார்த்தபடி, ராகம் இல்லாமல், மெதுவாக, “திரு… வண்… ணா…” என்று நிறுத்தினாள். அப்புறம் “மலை” என்றாள். அந்தச் சொல் மட்டும் முழுசாக வந்தது.

“திருவண்ணாமலை. டீச்சர், உங்க பஸ்ஸு வந்துட்டுது” என்றாள்.

எனக்கு வாய் கோணியது. “சத்தமாப் படி, காதுல வுழல” என்று அதட்டினேன். அழுகையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியாது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி அவள் சத்தமாகப் படித்தாள். நான் ஏறினேன்.