ஈயம் உருக்கிய தாச்சி

“பிழை முதலாளியில இல்ல புள்ள. இவனுகள் கொண்டாற மறியாடுகள்தான் மலடு” என்றார் பக்கீர் மாமா.

முதலாளி என்பது அவர் வளர்க்கும் கிடாய். அதைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அம்ஹா கால்நடை வைத்திய அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அதிகம் பேசாதவள்.

“ஒம்பது மறியும் மலடா மாமா?”

“ஓம். ஒம்பதும்.”

“போன வருஷம் இதே மறிகள் குட்டி போட்டிச்சே?”

“அது போன வருஷம்.”

அடுப்படியிலிருந்து றஹீமா மாமியின் குரல் வந்தது. “அவரோட கதைக்காத மகள். ஆம்பிளைகள்ள பிழை இரிக்கிண்டு அவர் எந்தக் காலத்துல ஒத்துக்கிட்டார்?”

மாமா வெடித்துச் சிரித்தார். அம்ஹா சிரிக்காமல் கிடாயிடம் இரத்தம் எடுத்தாள்.

சாய்ந்தமருதில் வலைக்கு ஈயக்குண்டு வேண்டுமென்றால் பக்கீரிடம்தான் போகவேண்டும். ஒலுவில் துறைமுகத்துப் படகுக்காரர்கள்கூட அவரைத் தேடி வருவார்கள். முப்பது வருடமாகப் பழைய வாகனப் பெற்றறித் தகடுகளை உருக்கி, வீட்டின் பின்முற்றத்தில் அச்சில் ஊற்றுகிறார். பிள்ளைகள் இல்லை. குட்டியாக வாங்கிய கிடாய்க்குத் தன் சோற்றில் முதல் பிடியை வைப்பார். ஊரார் மறிகளை இணைசேர்க்கக் கொண்டுவந்தால் கூலியாக ஒரு கட்டு இலைகுழைதான் கேட்பார். தை மாதம் ஈயம் உருக்கும் தாச்சியின் விளிம்பில் வெடிப்பு விழுந்தபோது, அதையே கிடாய்க்குத் தண்ணீர் வைக்க எடுத்துக்கொண்டார். நல்ல கனமான இரும்புச் சட்டி. முதலாளி முட்டினாலும் கவிழாது.

பரிசோதனை முடிவு மூன்று கிழமை கழித்து வந்தது. அம்ஹா அதைப் பின்முற்றத்தில் நின்றே சொன்னாள்.

“இரத்தத்தில ஈயம் கூட மாமா. அது ஏறினா விந்து குறையும், இருக்கிறதும் ஓடாது. தாச்சிய எறிஞ்சிட்டு, கிடாய முன்பக்கம் கட்டுங்க. கொஞ்ச மாசத்தில தெளியலாம். உறுதியாச் சொல்ல ஏலாது.”

மாமா தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்களில் சாம்பல் நிறம்.

“ஆட்டுக்கு மட்டுந்தானா மகள்?”

“மனிசருக்கும் வரலாம். உங்களுக்கு அதுதான் எண்டு நான் சொல்ல மாட்டன். நீங்களும் இரத்தம் பாருங்க மாமா.”

கல்முனை, மட்டக்களப்பு என்று பிள்ளைக்காக றஹீமா மாமி ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, வைக்காத நேர்ச்சை இல்லை. மாமா ஒருநாளும் தன்னைச் சோதிக்கக் கொடுத்ததில்லை. இன்னொரு கலியாணம் முடி என்று சொந்தக்காரர் நெருக்கியபோது, “எனக்கு இவள் போதும்” என்றார். ஊரே மெச்சியது. அந்தப் பெரிய மனதுக்காக மாமி இருபத்தாறு வருடம் நன்றியோடு தலைகுனிந்து நடந்தாள்.

மாமா கிடாயை அவிழ்த்து, முன்வாசல் முருங்கையில் கட்டினார். தாச்சியையும் கொண்டுவந்து பக்கத்தில் கவிழ்த்து அதன்மேல் குந்தினார். நெடுநேரம் முதலாளியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மகள், உள்ள போய் மாமிக்கிட்ட சொல்லு. முதல்ல ஆட்டுக் கதையச் சொல்லு. மறுகா, பிழை அவள்ள இல்லாமலும் இருந்திருக்கலாம் எண்டு சொல்லு. எனக்கு வாய் வருதில்ல. நான் இதிலதான் இரிப்பன். அவள் ஏசத் தொடங்கினா என்னக் கூப்பிடு. ஒண்டு விடாம நான் கேக்கோணும்.”